வெட்டாமலே செத்த வேம்பு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், கட்டுவதற்குக் காணி துப்புரவாக்கிக்கொண்டிருப்பவர்களும் மட்டும் தயவுசெய்து இன்றைக்கே வாசியுங்கள்.

எங்கள் பாடசாலை வளவில் நின்ற பெரிய வேம்பை போன கிழமை தறித்தார்கள். அதை வெட்டச் சொன்னவர் எவருமில்லை. அது தானாகப் பட்டுப்போய், கொப்புகள் முறிந்து விழத் தொடங்கியிருந்தது. பிள்ளைகளின் தலையில் விழுந்துவிடும் என்ற பயத்தில்தான் ஆள் பிடித்தோம். செயின்சோவோடு வந்தவர் இரண்டரை மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிட்டார். "இவ்வளவு பெரிய வேம்பு எப்படிப் பட்டது சேர்?" என்று அவர் கேட்டபோது நாங்கள் ஆளுக்காள் பார்த்துக்கொண்டோம். ஏதோ நோய் என்றார் ஒருவர். வெயில் என்றார் மற்றவர். கண்ணூறு என்று சொன்ன ஆளும் உண்டு.

உண்மைக் காரணம் எங்களுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முதல் அந்த மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடி வகுப்பறைக் கட்டடம் வந்தது. அப்போது பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒருமித்துச் சொன்ன விஷயம் ஒன்றுதான்: வேம்பை வெட்டக் கூடாது. கொந்தராத்துக்காரரும் தலையாட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், ஒரு கொப்பைக்கூட அவர் வெட்டவில்லை. மரத்திலிருந்து எட்டடி தள்ளிப் பெக்கோ அத்திவாரம் கிண்டியது. வேர்கள் கயிறு மாதிரி அறுந்து தொங்கியதை இடைவேளையில் பிள்ளைகளோடு நின்று நாங்களும் பார்த்தோம். நிழல் என்பதால் மணலும் சல்லியும் மரத்தடியில்தான் குவிந்தன. டிப்பர் பின்னுக்கு வந்து திரும்புவதும் அங்கேதான். சீமெந்து குழைக்கும் மெசினை ஒவ்வொரு நாளும் பின்னேரம் அந்த அடியிலேயே கழுவி ஊற்றினார்கள். கடைசியில் வளவை மட்டமாக்க ஒன்றரை அடி உயரத்துக்குக் கிரவல் கொட்டி, உருளை ஓட்டி, மேலே இன்டர்லொக் கல் பதித்தார்கள். மரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு திட்டு, அதற்கு வெள்ளையும் பச்சையும் பெயின்ற். திறப்பு விழாப் படத்தில் மரம் நல்ல வடிவாக நிற்கிறது. அடுத்த வருடம் உச்சி மெலிந்தது. அதற்கடுத்த வருடம் ஒரு பக்கம் தளிர்க்கவில்லை. மூன்றாம் வருடம் விறகு.

வெட்டாமலே கொன்றோம். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. யாழ்ப்பாணத்தில் மரம் பற்றிப் பேசும்போதெல்லாம் வெட்டுகிறவனைத்தான் திட்டுகிறோம். வெட்டாமல் விட்டுவிட்டு நல்ல பெயர் எடுக்கிற எங்களைப் பற்றிப் பேசுவதில்லை.

மரத்துக்காக இவ்வளவு உருகுவானேன் என்று எங்கள் ஆட்களே கேட்பார்கள். அதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி விடுதலைப் புலிகள் கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எங்கள் வயதுக்காரர் கைக்குழந்தையாகப் போனவர்கள், அல்லது புத்தளத்து முகாமில் பிறந்தவர்கள். சோனகதெருவை நாங்கள் முதலில் பார்த்தது எங்கள் கண்ணால் இல்லை, உம்மம்மாவின் கதைகளால். அந்தக் கதைகளில் வீட்டை விட மரங்கள்தான் கூட. இந்த மூலையில் மாதுளை, கிணற்றடியில் கமுகு, பின்வளவில் புளி, அந்தப் புளியின் கீழ் வாப்பா விழுந்து கை முறித்தது என்று.

2002 சமாதான காலத்தில் முதன்முதலாகப் பார்க்க வந்தவர்களும், 2009க்குப் பிறகு குடியேற வந்தவர்களும் கண்டது என்ன? கூரை இல்லை, யன்னல் இல்லை, நிலைகள் இல்லை. பல இடங்களில் சுவரே இல்லை, கல்லைக் கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை. உறுதி சிலரிடம் இருந்தது, பலரிடம் இல்லை. எங்கள் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தோம் தெரியுமா? கிணற்றையும் புளியையும் வைத்துத்தான். உம்மம்மா புளியின் அடியில் நின்று, "இதிலிருந்து பன்னிரண்டு எட்டு, அங்கேதான் குசினிச் சுவர்" என்று நடந்து காட்டினா. அலவாங்கால் குத்திப் பார்த்தோம். அத்திவாரக் கல் தட்டுப்பட்டது. பக்கத்துக் காணிக்காரரும் அந்தப் புளியை எல்லையாக ஏற்றுக்கொண்டார். உறுதி இல்லாத இடத்தில் சாட்சி சொன்னது ஒரு மரம்.

அதே புளியை அடுத்த வருடம் நாங்களே தறித்தோம். வீட்டுத்திட்டக் காசு வந்தது, சொன்ன காலத்துக்குள் அத்திவாரம் போட்டால்தான் அடுத்த கட்டக் காசு. மரத்தைச் சுற்றி யோசிக்க நேரமில்லை. குறையாகச் சொல்லவில்லை. இருபது வருடம் ஓலைக் கொட்டிலிலும் தகரக் கொட்டிலிலும் இருந்த சனத்துக்கு முதலில் வேண்டியது கல்வீடு. ஆனாலும் தறித்த அன்று உம்மம்மா பகல் சாப்பிடவில்லை என்பதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

சரி, மரம் எப்படிச் சாகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். வேம்பு விழுந்த கிழமையே தரம் 9 பிள்ளைகளோடு அதை ஒரு கணிதப் பாடமாகச் செய்தோம். (வட்டத்தின் சுற்றளவு எப்படியும் படிப்பிக்கத்தானே வேண்டும்.)

எல்லோர் மனதிலும் மரத்தின் வேர் என்றால் மேலே கிளை விரிந்த மாதிரியே கீழேயும் ஆழமாகப் போகிறது என்ற படம்தான் இருக்கிறது. பாடப் புத்தகப் படமும் அப்படித்தான். ஆனால் மரத்துக்குத் தண்ணீரும் உணவும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு மூன்று அடி மண்ணுக்குள்தான் பரவிக் கிடக்கிறது. பக்கவாட்டில் கிளை நுனியையும் தாண்டிப் போகும். குடாநாட்டில் இது இன்னும் கூட. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல். சில ஊர்களில் ஒன்றரை முழம் கிண்டினால் அலவாங்கு டங் என்று சத்தம் போடும். அடியாணி வேர் கல் வெடிப்பு கிடைத்தால் இறங்கும், கிடைக்காவிட்டால் இல்லை. ஆகவே யாழ்ப்பாணத்து மரம் உயிர் வாழ்வது மேல்மண்ணில். அந்த மேல்மண்ணைத்தான் நாங்கள் கிண்டுகிறோம், மிதிக்கிறோம், மூடுகிறோம். லொறியும் டிப்பரும் ஏறி இறுகிய மண்ணுக்குள் காற்றும் போகாது, மழைத் தண்ணீரும் போகாது. மேலே கிரவல் கொட்டினால் கீழே வேர் மூச்சு முட்டிச் சாகும். சீமெந்துத் தண்ணீர் மண்ணைக் காரமாக்கிவிடும். இவ்வளவும் நடந்த பிறகும் மரம் உடனே சாகாது, உள்ளே சேமித்து வைத்ததைக் கொண்டு ஒன்றிரண்டு வருடம் தாக்குப் பிடிக்கும். மேசன் காசு வாங்கிப் போய், வீடு குடிபூந்து, படம் பேஸ்புக்கில் போட்ட பிறகுதான் அது இலை உதிர்க்கத் தொடங்கும். அதனால்தான் யாரும் தன்னைக் குற்றவாளி என்று நினைப்பதில்லை.

பிரிட்டனில் கட்டட வேலையின்போது மரங்களைப் பாதுகாப்பதற்கென்றே பி.எஸ். 5837 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. அதில் உள்ள கணக்கு மிகவும் எளிது. நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். அதை 12ஆல் பெருக்க வேண்டும். வருகிற நீளத்தை ஆரையாக வைத்து மரத்தைச் சுற்றி வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்குள் கிண்டக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது, மண் நிரப்பக் கூடாது. மரத்தின் விட்டத்தை நேரே அளக்க ஏலாது, சுற்றளவைத்தான் அளக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். சரி, சுற்றளவை பையால் பிரித்து 12ஆல் பெருக்கு என்றோம். கடைசி வாங்கில் இருக்கிற ஒருவன், வழக்கமாக வாயே திறக்காதவன், "அப்ப சுற்றளவை நாலால பெருக்கினா கிட்டத்தட்ட சரிதானே சேர்" என்றான். 12ஐ 3.14ஆல் பிரித்தால் 3.82. அவன் சொன்னது சரி. மேசனுக்கும் விளங்குகிற கணக்கு இதுதான்: நூலால் மரத்தைச் சுற்றி அள, அந்த நூலை நாலு தரம் நீட்டு, அங்கே கட்டை அடி.

எங்கள் வேம்பின் அடிக்கட்டையை அளந்தோம். மேலே கொஞ்சம் ஒடுங்கும் என்று கழித்து விட்டம் 70 சென்ரிமீற்றர் என்று வைத்தோம். ஆரை 8.4 மீற்றர். அத்திவாரம் கிண்டிய தூரமோ எட்டடி, இரண்டரை மீற்றர்கூட இல்லை. பிள்ளைகள் சுண்ணாம்பால் அந்த வட்டத்தைப் போட்டபோது புதுக் கட்டடத்தின் ஒரு வகுப்பறை முழுதாக உள்ளே வந்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

"எட்டு மீற்றர் விட்டால் நாங்கள் எங்கே வீடு கட்டுவது?" நியாயமான கேள்வி. மரம் வளர்க்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவார்கள். கணக்கே போட்டுப் பார்ப்போம். ஒரு பரப்பு பத்துப் பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணியில் அரை மீற்றர் விட்டமுள்ள ஒரு மாமரம் நிற்கிறது என்று வையுங்கள். ஆரை 6 மீற்றர், வட்டத்தின் பரப்பு 113 சதுர மீற்றர். காணியில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 93 சதுர மீற்றர் போதும். கிணறு, மலசலகூடக் குழி, வாகனம் எல்லாம் போக இன்னும் முற்றம் மிஞ்சும். ஆக இரண்டு பரப்பில் மரத்தையும் வைத்துக்கொண்டு வீடு கட்ட முடியும், பிளான் கீறுகிறவர் மரம் எங்கே நிற்கிறது என்று முதலே பார்த்தால். ஒரு பரப்பு என்றால் இறுக்கம். மரம் மூலையில் நின்றால் வட்டத்தின் கால்வாசிதான் எங்கள் காணிக்குள், அப்போது சமாளிக்கலாம். நடுவில் நின்றால் கஷ்டம். சோனகதெருவில் நாங்கள் இருக்கிற மாதிரி அரைப் பரப்பும் அதற்குக் குறைவும் என்றால் ஏலாது, மரமா வீடா என்றால் வீடுதான். இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாங்கள் தயாரில்லை.

ஆனால் நல்லூர்ப் பக்கமும் கோண்டாவிலும் கொக்குவிலும் மானிப்பாயும் நடப்பது அதுவல்லவே. நான்கு பரப்பு, ஆறு பரப்பு வளவுகள். வெளிநாட்டுக் காசு வந்ததும் முதல் வேலை பெக்கோவை விட்டு வளவை வழித்துத் துடைப்பது. மா, பலா, வேம்பு, கிளுவை வேலி எல்லாம் ஒரே நாளில் போய்விடும். வெறும் நிலத்தில்தான் பிளானே விரிக்கப்படுகிறது. வீடு முடிந்த பிறகு முற்றம் முழுவதும் கல் பதித்து, நேர்சரியில் வாங்கின ஈச்ச மரம் நாலு சட்டியில் வைக்கிறார்கள். வருடத்தில் இரண்டு மாதம் வந்து நிற்கிற வீட்டுக்கு இது.

மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு எங்கள் ஊர்களின் எல்லை என்றால் கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் கதியாலாக நின்ற வேலி. கிடுகு அடைப்பார்கள், ஓலை அடைப்பார்கள். அதன் குழை ஆட்டுக்கும் போகும், தோட்டத்துக்கும் போகும். இப்போது மதில். மதிலுக்கு நீளமாக அத்திவாரம் கிண்டினால் வேலிமரம் போவதோடு நிற்காது, உங்கள் மாவின் வேரும் அயல் வீட்டுப் பலாவின் வேரும் ஒரே கோட்டில் அறுபடும். இதற்கு வழி இல்லாமலா? தூண் போட்டு, நிலமட்டத்துக்கு மேலே கொங்கிரீட் வளை ஓட்டி, அதன்மேல் மதிலைக் கட்டலாம். தூண் குழியை மட்டும் கையால் கிண்டினால் போதும், தடித்த வேர் வந்தால் தூணை ஒரு முழம் தள்ளலாம். இரண்டு விரல் மொத்தத்துக்கு மேற்பட்ட வேரை வெட்டாமல் விட்டால் மரம் பெரும்பாலும் தப்பும். வீட்டுச் சுவருக்கும் இதே முறை செய்யலாம். செலவு கொஞ்சம் கூடும். இன்டர்லொக் கல்லுக்குக் கொடுக்கிற காசில் பாதியை மிச்சம் பிடித்தாலே அது சரியாகிவிடும்.

இன்டர்லொக் என்றதும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. வழுக்கை ஆற்றை விட்டால் ஆறு என்று சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை, அதுவும் மாரியில் மட்டும் ஓடும். குடிப்பது குளிப்பது தோட்டம் எல்லாம் கிணற்றுத் தண்ணீர். மாரியில் மூன்று மாதம் பெய்கிற மழை மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணக்கல்லுக்குள் தேங்கினால்தான் ஆனியிலும் ஆடியிலும் வாளி நிறையும். வளவு முழுக்கக் கல்லையும் சீமெந்தையும் போட்டுவிட்டு, மழைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஒழுங்கைக்கு விட்டு, ஒழுங்கையில் வெள்ளம் என்று பிரதேச சபையைத் திட்டிப் பதிவு போடுகிறோம். இப்போது தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கித் தருகிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் மரமும் மண்ணும் இலவசமாகச் செய்த வேலைக்கு இனி மின்சாரக் கணக்கு வரும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை இவற்றைத் தறிப்பதற்குப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். எழுபது வருடத்துக்கு முந்திய சட்டம், சாப்பாட்டு மரங்களைக் காப்பாற்ற வந்தது, அந்தக் காலத்துக்கு நல்லது. ஆனால் அதன் ஓட்டைகள் யாழ்ப்பாணத்தில்தான் பெரிதாகத் தெரியும். பனை ஆணா பெண்ணா என்று பாளை வரும் வரைக்கும் தெரியாது, அதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகும். அதற்கு முதல் வடலியை வழித்து எடுத்தால் கேட்க ஆளில்லை. போர்க்காலத்தில் பங்கருக்கென்று இரு தரப்பும் தறித்த பனைகளுக்குப் பதிலாக வளர்ந்து வருவது இந்த வடலிகள்தான். வேம்பு, புளி, இலுப்பை, மருது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இதை விடப் பெரிய ஓட்டை, சட்டம் பேசுவது தறிப்பதைப் பற்றி மட்டும். வேரை அறுத்துச் சாகவிட்டால் அது தறித்ததாகாது. பலாவுக்கு அனுமதி கிடைக்காதவர் பக்கத்தில் நாலடிக் கிடங்கு கிண்டிவிட்டு இரண்டு வருடம் பொறுத்தால், பட்ட மரம் என்று சுகமாக அனுமதி எடுக்கலாம். இப்படிச் செய்தவர்களை எங்களுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்தபோது, மற்றவர் காணியில் தென்னம்பிள்ளை வைத்தவனுக்குப் பங்கு எவ்வளவு, அயல் வளவுக்குள் சாய்ந்த கிளையின் பழம் யாருக்கு என்பதெல்லாம் அதில் வந்தது. முந்நூறு வருடத்துக்கு முதல் இந்த மண்ணின் சட்டத்துக்கு மரம் ஒரு ஆள் மாதிரி. இன்றைக்குக் கட்டட அனுமதிக்குக் கொடுக்கிற பிளானில் மரத்துக்கு ஒரு புள்ளி கூட இல்லை. கடந்த வருடம் எங்கள் பிளானைக் கீறிக் கொண்டுவந்தபோது பார்த்தோம்: கிணறு இருக்கிறது, மலசலகூடக் குழி இருக்கிறது, எல்லை இருக்கிறது, வீதியிலிருந்து விடவேண்டிய தூரம் இருக்கிறது. முற்றத்தில் முப்பதடி உயரத்தில் நிற்கிற வேம்பு இல்லை. கீறினவரிடம் கேட்டோம். "மரத்தை ஒருத்தரும் கேட்கிறதில்லை" என்றார். அவர் பிழை இல்லை.

எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். யாழ் மாநகர சபையும் பிரதேச சபைகளும் கட்டட அனுமதிக்கு வருகிற பிளானில் ஒரு அளவுக்கு மேற்பட்ட மரங்களையெல்லாம் குறிக்கச் சொல்லட்டும். சிங்கப்பூரில் குறிப்பிட்ட பாதுகாப்பு வலயங்களுக்குள் ஒரு மீற்றரை விடக் கூடிய சுற்றளவுள்ள மரத்தை, சொந்தக் காணியாக இருந்தாலும், அனுமதியில்லாமல் தொட முடியாது. நாங்கள் அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. குறித்தால் போதும். குறித்த மரத்தை எடுப்பதென்றால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும், வைத்திருப்பதென்றால் வேலை முடியும் வரை சுற்றித் தகரம் அடிக்க வேண்டும். கண்ணுக்கு முன் காகிதத்தில் மரம் இருந்தால் பாதிப்பேர் குசினியை மற்றப் பக்கம் திருப்புவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. இதற்குப் புதிய சட்டம் வேண்டுமா, சபைத் தீர்மானம் போதுமா என்று சட்டம் தெரிந்த நண்பர்கள் கீழே எழுதுங்கள்.

தனியாரிடம் கேட்பதற்கு முதல் அரசாங்கம் தன் வேலைத்தலத்தில் செய்து காட்ட வேண்டும். பழைய பூங்காவுக்குள் உள்ளக விளையாட்டரங்கு கட்டும் பேச்சு வந்ததும் ஊரில் நடந்த வாக்குவாதம் உங்களுக்குத் தெரியும். 1829இலிருந்து 1867இல் கோப்பாயில் இறக்கும் வரை வடக்கின் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை உண்டாக்கிய பூங்கா அது. அவர் காலத்தில் வைத்த மரம் ஒன்று நின்றாலும் அதற்கு வயது 150க்கு மேல், யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவதற்கும் முந்தியது. பக்கத்திலிருந்த பழைய கச்சேரி இடிந்து சுவராக நிற்கிறது, மரங்கள் போரையும் தாண்டி நிற்கின்றன. அந்த விவாதத்தில் ஒரு பக்கம் மரம் என்றது, மறுபக்கம் பிள்ளைகளின் விளையாட்டு என்றது. நாங்கள் ஆசிரியர்கள், எங்களுக்கு இரண்டும் வேண்டும். உள்ளக அரங்கு இல்லாமல் எங்கள் பிள்ளைகள் தகரக் கொட்டகைக்குள் பட்மின்டன் பழகுவதை நாங்கள்தான் தினமும் பார்க்கிறோம். ஆனால் நகரத்தில் நிழல் மிஞ்சியிருக்கிற ஒன்றிரண்டு இடத்தில்தான் அதைக் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? வெட்டை வெளியாகக் கிடக்கிற காணி குடாநாட்டில் இல்லையா? அப்படியே அங்கேதான் என்றாலும், "ஒரு சில மரங்கள்தான் அகற்றப்படும்" என்ற வாக்குறுதி எங்களுக்குப் போதாது. மிச்ச மரங்களின் வேர் எங்கே இருக்கிறது, டிப்பர் எந்த வழியால் வரும், மண் எங்கே குவியும்? அதைச் சொல்லுங்கள். வெட்டாமல் விட்ட மரத்துக்கு என்ன நடக்கும் என்று எங்கள் பாடசாலையில் பார்த்துவிட்டோம்.

ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம் என்கிறார்கள். கார்த்திகை மாதத்தை வடமாகாண மரநடுகை மாதமாகக் கொண்டாடுகிறோம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கன்று கொடுக்கிறோம், நாங்களும் கொடுத்திருக்கிறோம். சித்திரை வரும்போது எத்தனை கன்று உயிரோடு நிற்கிறது என்று எந்த நவம்பரிலும் யாரும் கேட்டதில்லை. பத்துக் கன்றும் பிழைத்தாலும், இன்று ஆறாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அதன் நிழலில் இருக்கப்போவது தன் பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டி வரும்போதுதான். 2024இல் வெயில் எறித்த எறிப்பில் பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள் என்று கல்வி அமைச்சு அறிவித்ததே, அன்று எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் நின்றது அந்த வேம்பின் கீழ். அப்போதே அது ஒரு பக்கம் காய்ந்துதான் இருந்தது.

எங்கள் ஜமாஅத்துக்கும் ஒரு வார்த்தை. பள்ளிவாசல் திருத்தும்போது வாசலில் நின்ற மரத்தை எடுத்து மாபிள் போட்டோம், அசருக்குப் பிறகு வயதாளிகள் இருந்து கதைத்த இடம் இப்போது மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். நட்ட மரத்தில் பறவை தின்றாலும் அது ஸதக்கா என்ற ஹதீஸை ஜும்ஆவில் கேட்காத வருடமில்லை. படையை அனுப்பும்போது பழமரங்களை வெட்டாதீர்கள் என்று அபூபக்கர் (ரழி) கட்டளையிட்டதையும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். யுத்தத்தில் வெட்டாதே என்றால் டைல் போடுவதற்கு வெட்டலாம் என்று அர்த்தமா? நெடுந்தீவிலும் மன்னார் பள்ளிமுனையிலும் நிற்கிற பெருக்க மரங்களை அரபு வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லி எங்கள் ஆட்கள் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறார்கள். படம் எடுப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு முருங்கையாவது மிச்சம்?

கடைசியாக எங்கள் வீட்டுக் கதை. புளியைத் தறித்தோம் என்று சொன்னோமே, அதே காணியில் முன்பக்கம் ஒரு வேம்பு இருக்கிறது. அதை யாரும் வைக்கவில்லை. நாங்கள் இல்லாத காலத்தில், இடிந்த திண்ணைக்குள் தானாக முளைத்தது. சுவரை இடித்தபோது எப்படியோ தப்பிவிட்டது. எங்கள் வயதுதான் அதற்கும் இருக்கும். வீட்டுத்திட்ட வீட்டுக்கு இப்போது இரண்டு அறை கூட்டிக் கட்டுகிறோம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பிளானின்படி புது அறையின் மூலை வேம்பிலிருந்து ஐந்தடி.

மேசன் பாஸிடம் நூல் கணக்கைச் சொன்னோம். சுற்றளவு நாலடி, ஆரை பதினாறு அடி. அவர் சிரித்தார். "சேர், பதினாறடி விட்டா ரோட்டிலதான் அறை கட்டோணும்." பிறகு அவரே நூலை வாங்கி அளந்து பார்த்தார். கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அந்த மூலையில் வானம் வெட்டாமல் இரண்டு தூண் இறக்கி வளை போடலாம், அறையை மூன்றடி ஒடுக்கினால் இன்னும் நல்லது, மணலை ஒழுங்கைப் பக்கம் கொட்டுவோம் என்றார். ஒடுக்கின அறையில் அலுமாரி வைக்க இடமில்லை என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை. உம்மா மரத்தின் பக்கம், பிள்ளைகள் அலுமாரியின் பக்கம்.

மரம் பிழைக்குமா என்று தெரியாது. பதினாறு அடி விடவில்லை, எட்டடிதான் விட முடிந்தது, மிச்சத்தைக் கையால் கிண்டச் சொல்லியிருக்கிறோம். திங்கட்கிழமை வேலை தொடங்குகிறது. நேற்றுப் பின்னேரம் பழைய தகரத்தைச் சுற்றி அடித்து முடித்தோம். மெசின் கழுவுகிற இடம் என்று ஒழுங்கை மூலையில் ஒரு கிடங்கும் கிண்டி வைத்திருக்கிறது. முதல் கிழமை படத்தை இங்கே போடுகிறோம், மூன்று வருடம் கழித்தும் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.